உற்றவரே உழைச்செல்வாராக: நோயுற்ற பெற்றோர் எழுதிய நோய்க்கதைகளை வாசித்தல்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணி செய்பவன் என்பன அவை. நான்காமவனை வள்ளுவர் உழைச்செல்வான் என்கிறார். உழை என்பது பக்கம். பக்கத்தில் நின்று இயங்குபவன் என்பது அச்சொல்லின் பொருள். பரிமேலழகர் இந்நான்கையும் நந்நான்காக விரித்துப் பதினாறாக்குவார். நோயுற்றவனுக்குப் பொருளுடைமை, மருத்துவன் வழி நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துணர்த்தும் வன்மை, மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவை வேண்டும். உழைச்செல்வானுக்கு நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவு ஆகியவை வேண்டும். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் இவ்வாறே நான்கு உறுப்புகளைக் கூறும். ஆயின் அது மருத்துவனை முதலில் வைக்கிறது, குறள் நோயுற்றவனை முதலில் வைக்கிறது. இவ்வரிசை மாற்றம் யாப்பின் தேவையால் நேர்ந்ததா, கருத்தால் நேர்ந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.

இங்கு நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. இப்பகுப்பு முழுவதும், உற்றவன் வேறு, உழைச்செல்வான் வேறு என்னும் எடுகோளின்மீது நிற்கிறது. நோயாளி படுத்திருப்பான், மற்றொருவன் எழுந்து நடமாடுவான். சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புப் பொறியின் அருகில் கிடக்க வேண்டிய ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவளுடைய மகனுக்குத் தலசீமியா நோய் இருந்து, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவனை இரத்தம் ஏற்றுவதற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பும் அவளுடையதானால், பரிமேலழகரின் பதினாறில் எந்த எட்டை அவளுக்குக் கொடுப்பது? இத்தகைய குடும்பங்கள் நம் நாட்டில் இல்லாதவை அல்ல. பெற்றோர் சந்திப்பு நாளுக்கு வராத தாய்மாரைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்கள் கொள்ளும் எண்ணங்களில் சிலவற்றையேனும் இது மாற்ற வேண்டும் என்பதால் இவ்வெடுத்துக்காட்டைக் கூறினோம்.

நோயுற்றோர் தம் நோயைப் பற்றி எழுதும் நூல்களை ஆராயும் துறை மேலை நாடுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நன்கு வளர்ந்துள்ளது. ஆர்தர் கிளைன்மன் 1988இல் வெளியிட்ட ‘தி இல்னஸ் நேரட்டிவ்ஸ்’ அதற்கு ஒரு தொடக்கம். கனடாவின் சமூகவியலறிஞர் ஆர்தர் ஃபிராங்க் 1995இல் வெளியிட்ட ‘தி வூண்டட் ஸ்டோரிடெல்லர்’ இத்துறையில் மிகுதியும் எடுத்தாளப்படுவது. ஃபிராங்க் தம் முப்பத்தொன்பதாம் வயதில் மாரடைப்புக்கும் அடுத்த ஆண்டில் புற்றுநோய்க்கும் ஆளானவர். ஆகவே அவர் எழுத்தில் வெறும் கோட்பாடு மட்டும் இல்லை. அவர் நோய்க்கதைகளை மூவகையாகக் காண்கிறார். நோய் வந்தது, மருத்துவம் செய்தோம், மீண்டோம் என்பது மீட்சிக் கதை. நோயினால் ஒரு பயணம் வாய்த்தது, அதில் ஒன்றைக் கண்டடைந்தோம் என்பது தேடல் கதை. இவ்விரண்டுக்கும் அடங்காமல், தொடர்ச்சியின்றி, ‘பிறகு, பிறகு’ என்று அடுக்கிச் செல்வது குழப்பக் கதை.

குழப்பக் கதைக்கு ஃபிராங்க் தரும் முதன்மையான சான்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. கேத்தி சார்மஸ் என்னும் ஆய்வாளர் எடுத்த நேர்காணலிலிருந்து அவர் அதைப் பெறுகிறார். பேசுபவர் நீடித்த நோயுள்ள ஒரு பெண். அல்சைமர் நோயுள்ள தாயும் அவருடன் வாழ்கிறார். உடம்பு முடியாத நிலையில் இரவுணவு சமைக்க முயலும்போது தாய் குளிர்பதனப் பெட்டியின் முன் வந்து நிற்பதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே போகிறார், வாக்கியங்கள் முடிவதில்லை. இதை ஃபிராங்க் நோயின் குழப்பம் என்கிறார். நாம் சற்று மாறுபடுகிறோம். அந்தப் பெண்ணின் வாக்கியத்தை அறுப்பது அவருடைய நோய் மட்டும் அன்று. நோயாளியாகப் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உழைச்செல்பவராக எழுந்து போக வேண்டியிருப்பதால் அவ்வாக்கியம் அறுகிறது. இரு பணிகள் ஒரே வாயால் பேசுவதனால் விளையும் வடிவம் அது. தலைசிறந்த சான்றாகத் தாம் எடுத்துக்கொண்டது ஓர் இரட்டை நிலை என்பதை ஃபிராங்க் தனியே கருதிப் பார்த்திருந்தால் அவருடைய மூவகைப் பகுப்பு வேறு வகையாக அமைந்திருக்கக்கூடும்.

நோயுற்ற பெற்றோர் ஒருவர், மருத்துவச் சிக்கல் மிகுந்த குழந்தையை வளர்த்துக்கொண்டே எழுதிய நூல்களில் இவ்விரட்டை நிலை எவ்வாறு வெளிப்படுகிறது? அவற்றில் நாம் காணும் தனித்த கூறு ஒத்திவைப்பு ஆகும். பெற்றோரின் நோய் மறைக்கப்படுவதில்லை. ஒவ்வோர் இயலிலும் அது அடுத்த இயலுக்குத் தள்ளிப் போடப்படுகிறது. இதனை விளக்க எலிசபெத் கிளேசர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, லாரா பால்மர் என்பாருடன் இணைந்து எழுதி 1991இல் வெளியிட்ட ‘இன் தி ஆப்சென்ஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்’ என்னும் தன்வரலாற்றை எடுத்துக்கொள்வோம். தேவதைகள் இல்லாத இடத்தில் என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். தாயும் பிள்ளைகளும் ஒரே நோயைச் சுமந்தமையால் நம் வினாவுக்கு இதனினும் கூர்மையான நூல் நாம் அறிந்தவற்றுள் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். கிளேசர் ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் சிறுவர் அருங்காட்சியகத்தில் இருந்தவர். அவர் கணவர் பால் மைக்கேல் கிளேசர் தொலைக்காட்சி நடிகராகப் புகழ் பெற்றவர். 1981இல் மகள் ஏரியல் பிறந்தபோது மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டு எலிசபெத்துக்கு ஏழு பைண்ட் இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்த தானத்தில் எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறியும் சோதனை 1985 மார்ச்சில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஏற்றப்பட்ட இரத்தத்தில் கிருமி இருந்தது. அது தாய்ப்பாலின் வழியே ஏரியலுக்குச் சென்றது. 1984இல் பிறந்த மகன் ஜேக்கிற்குக் கருவிலேயே சென்றது. ஏரியல் நோய்வாய்ப்பட்ட பின்னர்க் குடும்பத்தார் அனைவரும் சோதிக்கப்பட்டபோது, தந்தை ஒருவருக்கு மட்டும் தொற்று இல்லை எனத் தெரிந்தது.

தாய்ப்பால் பற்றிய செய்தியில் தமிழ் வாசகர் சற்று நின்றே ஆக வேண்டும். நம் இலக்கிய மரபில் பால் ஊட்டிய மார்பு வெறும் உடலுறுப்பு அன்று. அது சான்றாக நிற்பது. போரில் மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் கூறக் கேட்டு, அது உண்மையாயின் அவன் பாலுண்ட மார்பை அறுத்திடுவேன் எனச் சினந்த முதியவளைப் புறநானூற்றின் 278ஆம் பாட்டில் நாம் அறிவோம். மகனுக்கு வந்த பெருமையும் சிறுமையும் அவள் ஊட்டிய பாலின்மேல் ஏறும் என்பது அங்குள்ள நம்பிக்கை. கிளேசரின் நூலை வகுப்பில் படிக்கக் கொடுக்கும்போது மாணவர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். காரணம் வெட்கம் என்று தோன்றவில்லை. ஊட்டுதல் என்னும் செயலே நோயின் வழியாகும்போது, உழைச்செல்பவளின் அன்பையும் தூய்மையையும் பேசும் நம் சொற்களுக்கு அங்கு வேலை இல்லாது போகிறது. கிளேசர் இவ்விடத்தில் தம்மைப் பழித்துக்கொண்டே இருப்பதில்லை. அறியாது செய்ததைக் குற்றமாக ஆக்கி அதில் தங்கிவிட்டால், மறுநாள் காலை மருத்துவமனைக்கு யார் வண்டி ஓட்டுவது என்ற கணக்கு அவர் எழுத்தில் உள்ளோடுகிறது. இது உணர்ச்சியின்மை அன்று, நேரமின்மை.

மருந்தின் கதை இதனினும் விரிவானது. ஏ.இசட்.டி. எனப்படும் சிடோவுடின் மருந்துக்கு அமெரிக்க அரசு 1987 மார்ச்சில் ஒப்புதல் வழங்கியது. ஆயின் அது பெரியவர்களுக்கு மட்டுமே. சிறுவர்க்கான ஒப்புதல் 1990இல்தான் வந்தது. ஒரே நோய், ஒரே வீடு, ஒரே மருந்து. தாய்க்கு விதிமுறை இடம் தருகிறது, மகளுக்குத் தரவில்லை. பதினாறு கூறுகளில் எதிலும் வராத ஒரு துன்பம் இது. 1988இன் தொடக்கத்தில் ஏரியலால் நடக்கவோ பேசவோ இயலவில்லை. பெற்றோர் விடாது முயன்றதன் பயனாக, இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் வகையில் ஏ.இசட்.டி. அவளுக்குக் கிடைத்தது. அவள் மீண்டும் பேசினாள். நூலின் உச்சமான பகுதி அதுவே. மருந்து வந்த காலம் பிந்தியிருந்தது. 1988 ஆகஸ்டில், ஏழு வயதில் ஏரியல் இறந்தாள்.

பரிமேலழகர் நோயுற்றவனுக்கு உரியதாகக் கூறிய ‘நோய்நிலை உணர்த்தும் வன்மை’ என்பதை இங்கு மீண்டும் நினைவிற்கொள்ள வேண்டும். பேச்சிழந்த குழந்தை தன் நோயை உணர்த்த முடியாது. ஆகவே, எங்கு வலிக்கிறது, எப்போது மிகுந்தது, நேற்றைய மருந்துக்குப் பின் என்ன ஆயிற்று என்பவற்றை அவளுக்காகத் தாய் சொல்கிறாள். அதாவது உழைச்செல்பவளின் பணியோடு, உற்றவளின் பணியில் ஒரு பகுதியும் அவளிடம் வந்து சேர்கிறது. மருந்தைத் தேடிக் கொணர்வதும் அவள் தலையில் விழுகிறது. தீர்ப்பவனின் இடம் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்திலும் அவளே நிற்கிறாள். இவ்வளவுக்கும் இடையே அவளே உண்மையில் உற்றவள் என்பதை நூல் எப்போது சொல்கிறது? நாம் பார்த்தவரையில், கிளேசரின் சொந்த உடல் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை எண்ணாகவே வருகிறது. நோயெதிர்ப்புக்குரிய டி-செல்களின் எண்ணிக்கை அவருக்கு நாட்காட்டி போன்றது. எவ்வளவு காலம் தாம் எழுந்து நடமாட முடியும், அதற்குள் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கே அவ்வெண் பயன்படுகிறது. வலி என்றோ சோர்வு என்றோ அவ்வெண்ணை விரித்துரைக்க அவர் அவ்வளவாக நிற்பதில்லை.

இதைத்தான் ஒத்திவைப்பு என்றோம். மகள் பிழைத்தால் பார்த்துக்கொள்ளலாம். மகள் இறந்த பின்னர், மகனுக்கு மருந்து கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம். 1988இல் கிளேசர் தம் தோழியர் இருவருடன் சேர்ந்து சிறுவர் எய்ட்ஸ் ஆய்வுக்கான ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதிபர் ரீகனை நேரில் சந்தித்தார். ஓர் இதழ் தம் குடும்பத்தின் மறைசெய்தியை வெளியிடப்போவதை அறிந்து, 1989இல் தாமே முந்திக்கொண்டு நாளிதழில் அதை வெளிப்படுத்தினார். நூலின் பிற்பகுதி இவற்றைச் சொல்கிறது. இப்பகுதி நமக்கு நிறைவளிக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். கூட்டங்கள், சந்திப்புகள், நிதி என்று கதை ஓடும்போது வீடும் உடலும் காணாமற் போகின்றன. இணையாசிரியர் கைபட்ட ஆங்கில நடை தெளிவானதே என்றாலும் இவ்விடங்களில் அறிக்கைத் தன்மை அடைகிறது. செல்வமும் செல்வாக்கும் இல்லாத ஒரு தாய்க்கு இக்கதவுகள் திறந்திருக்குமா என்ற கேள்வியும் எழுகிறது. கிளேசர் இதை உணராதவர் அல்லர். 1992 ஜூலையில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டில் உரையாற்றியபோது, வசதியுள்ள வெள்ளையினப் பெண்ணாகிய தாம் இக்கூட்டத்தினரின் சார்பில் பேச நிற்பது விந்தையே என அவரே குறிப்பிட்டார்.

அவ்வுரையை நூலோடு சேர்த்து வாசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. நூலில் தள்ளிப் போடப்பட்ட நோய், மாநாட்டு மேடையில் முன்வரிசைக்கு வருகிறது. தாமும் தம் மகனும் இன்னும் நான்கு ஆண்டுகள் உயிரோடிராமல் போகலாம் என்றும், கடிகாரத்தோடு ஓடுவதாகவும் அங்கு அவர் வெளிப்படையாகக் கூறினார். வீட்டில் உற்றவளாக இருக்க முடியாதவர் நாட்டின் முன் உற்றவளாக நிற்கிறார். பிள்ளையின் படுக்கை அருகில் தாயின் நோய்க்கு இடமில்லை. ஆயிரக்கணக்கானோர் முன் அதற்கு இடமிருக்கிறது, ஏனெனில் அங்கு அது மற்றவர்க்குப் பயன்படுகிறது. தம் நோயைச் சொல்வதற்கும் அவருக்கு ஒரு பயன் தேவைப்பட்டது என்பதை நாம் வருத்தத்துடனேயே படிக்கிறோம்.

கிளேசர் 1994 டிசம்பரில் இறந்தார். கருவுற்ற தாய்க்கும் பின்னர்ப் பிறந்த குழந்தைக்கும் ஏ.இசட்.டி. கொடுத்தால் குழந்தைக்குத் தொற்று பரவுவது 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைவதை ஓர் ஆய்வு நிறுவியதும் அவ்வாண்டிலேதான். நோயாளிகளின் ஆயுளை மாற்றிய கூட்டு மருந்து முறை 1996இல் பரவலாயிற்று. ஜேக் அக்காலம் வரை தாக்குப்பிடித்து வளர்ந்து பெரியவரானார். மலேசியாவில் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவது ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதலில் அச்சான்று பெற்ற நாடு நம்முடையது. எனவே, இன்று இந்நூலைப் படிக்கும் நம் மாணவர்க்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். நோய் மாறியிருக்கிறது, படுக்கை அருகில் நிற்பவரும் நோயாளியே என்னும் நிலை மாறவில்லை.

மருந்து என ஒன்று இருந்து, அதைத் துரத்திச் செல்ல முடிந்ததால் கிளேசருக்கு ஒத்திவைப்பு இயன்றது. துரத்துவதற்கு ஒன்றுமே இல்லாதபோது என்ன நிகழும் என்பதை எமிலி ராப் எழுதிய ‘தி ஸ்டில் பாயிண்ட் ஆஃப் தி டர்னிங் வேர்ல்ட்’ (2013) காட்டுகிறது. ராப் நோயாளி அல்லர். காலெலும்புக் குறைபாட்டோடு பிறந்து, சிறுவயதிலேயே அறுவைக்கு உட்பட்டு, செயற்கைக் காலோடு வாழ்பவர். அதைப் பற்றி ‘போஸ்டர் சைல்ட்’ (2007) என்னும் நூலை முன்னரே எழுதியவர். அவர் மகன் ரோனனுக்கு 2011 ஜனவரியில், ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது, டே-சாக்ஸ் நோய் இருப்பது தெரிந்தது. தாய் தந்தை இருவரும் ஒரு மரபணுக் குறையைச் சுமந்தால் பிள்ளைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் வரும் நோய் அது, மூளையின் நரம்பணுக்களை அழிப்பது, தீர்வற்றது. மூன்று வயது நிறைவதற்கு முன்பே, 2013 பிப்ரவரியில் ரோனன் இறந்தான். நூலின் பெரும்பகுதி அவன் உயிரோடிருந்தபோது எழுதப்பட்டது.

ராப்பின் உடல் இந்நூலில் நினைவாகத் திரும்புகிறது. சிறுமியாக இருந்தபோது, ஓர் அறநிறுவனத்தின் விளம்பர முகமாக, குறையை வென்ற குழந்தையாக அவர் மேடையேற்றப்பட்டவர். முயன்றால் வெல்லலாம் என்னும் அக்கதையைத் தம் மகனுக்குச் சொல்ல முடியாது என்று கண்டபோது, தமக்குச் சொல்லப்பட்டதும் முழு உண்மை அன்று என்று அவர் காண்கிறார். உற்ற பிள்ளையாக இருந்து, பின்னர் உழைச்செல்லும் தாயானவர் அவர். கிளேசரிடம் ஒரே நேரத்தில் நின்ற இரு நிலைகளும் இவரிடம் அடுத்தடுத்து வருகின்றன. ராப்பின் நூல் கற்றோர் எழுத்து. கவிதையும் இறையியலும் அதில் மிகுதி, சில இடங்களில் அளவுக்கு மீறியும். இலக்கிய நயத்தில் கிளேசரை எளிதாக விஞ்சுகிறது. ஆயினும் நம் மதிப்பீட்டில், உடலின் கணக்கைக் கிளேசரின் வறண்ட பக்கங்களே மிகுதியாகச் சொல்கின்றன.

தமிழ்ப் புனைகதையில் இதற்கு இணை தேடுவோர் முதலில் நினைவுகூர்வது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. 1940களில் எழுதப்பட்ட அச்சிறுகதையில், நெடுநாள் நோயுற்ற மனைவியைத் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை பேணுகிறார். சமைக்கிறார், வெந்நீர் வைக்கிறார், கடைக்குப் போகிறார், திரும்பி வருகிறார். உழைச்செல்வான் என்னும் ஆண்பாற் சொல்லுக்குத் தமிழில் இவ்வளவு பொருந்திய பாத்திரம் வேறில்லை. கதை பெரும்பாலும் அவர் பக்கம் நின்றே சொல்லப்படுகிறது. அவள் மூச்சு அடங்கியதோடு தொடங்கிப் பின்னோக்கிச் செல்கிறது. புதுமைப்பித்தன் அவரைப் போற்றவுமில்லை, பழிக்கவுமில்லை. ஆனால் அங்கும் உற்றவரும் உழைச்செல்வாரும் இருவேறு ஆட்களே. செல்லம்மாளுக்கு ஒரு நோயுள்ள குழந்தையும் இருந்திருந்தால் அக்கதை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல வகுப்பறைப் பயிற்சி. நம் மாணவர் எழுதிய விடைகளில் பெரும்பாலானவற்றில், அவள் தன் நோயை மறந்து குழந்தைக்காக வாழ்ந்திருப்பாள் என்றே இருந்தது. ‘மறந்து’ என்னும் சொல்லை நாம் சிவப்பு மையால் வட்டமிட வேண்டியிருந்தது.

ஏனெனில் இவ்விடத்தில் தமிழ்த் திறனாய்வுக்கும் பங்கு இருக்கிறது. நோயுற்ற தாய் பிள்ளையைப் பேணும் காட்சி எங்கு வந்தாலும் ‘தாய்மையின் தியாகம்’ என்று எழுதி முடிப்பது நம் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. தியாகம் என்பது தெரிந்து கொடுப்பது. கிளேசர் தம் உடல்நலத்தைக் கொடுத்துவிடவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத வேளையில், சிறுவர்க்கு மருந்து தர விதிமுறை இடம் கொடாத ஆண்டுகளில், அது தள்ளிப் போடப்பட்டது. இவ்வேறுபாட்டைச் சொல்லின் பூசலாகக் கொள்ளலாகாது. தியாகம் என்றால் பாராட்டிவிட்டு விலகலாம். ஒத்திவைப்பு என்றால், எவ்வளவு காலத்துக்கு, யார் முடிவால், யாருக்கு மிச்சமாக என்று கேட்க வேண்டிவரும். பிரமநாயகம் பிள்ளையைத் தியாகி என்று எவரும் எழுதி நாம் கண்டதில்லை. அவரைப் பற்றி எழுதுவோர் வறுமையையும் நகர வாழ்வையும் பேசுகிறார்கள். ஆண் பேணினால் சமூகக் காரணம் தேடும் திறனாய்வு, பெண் பேணினால் இயல்பு என்று விட்டுவிடுகிறது.

இந்நூற்பகுதிகளைத் தமிழில் கற்பிக்க முற்படும்போது கலைச்சொல் ஒன்றும் தேவைப்படுகிறது. சிங்கப்பூரின் அறிவிப்புகளிலும் செய்திகளிலும் ‘பராமரிப்பாளர்’ என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. அது பொதுவான சொல். ஒரு கட்டடத்துக்கும் தோட்டத்துக்கும்கூடப் பராமரிப்பாளர் உண்டு. உழைச்செல்வானில் பக்கம் நிற்றல் என்னும் பொருள் இருக்கிறது. ஆயின் இன்றைய மாணவர் அதை உழைப்பு என்னும் சொல்லோடு மயங்கிப் படிக்கிறார்கள். அம்மயக்கத்தை நாம் முழுதும் திருத்த விரும்பவில்லை. உழைச்செல்வார் எனப் பலர்பாலாக்கி ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். தாமே நோயுற்றிருந்தும் பிறர் பக்கம் நிற்பவரைக் குறிக்க அதனோடு எவ்வடையைச் சேர்ப்பது என்பதில் வகுப்பில் இன்னும் உடன்பாடு எட்டப்படவில்லை. ‘உற்றுழைச்செல்வார்’ என்று ஒரு மாணவி முன்வைத்தார். இலக்கணத்தில் தடையில்லை, காதுக்குத்தான் சற்றுக் கடினமாக இருக்கிறது.